பாடியது மட்டும்தானா அவர் செய்தது?

நம் பள்ளி விவாத மேடைகளில் ஆண்டுக்கு ஒருமுறையாவது தலைகாட்டும் தலைப்பு ஒன்று உண்டு: ‘கலைஞர்களுக்கு அரசியல் வேண்டுமா, வேண்டாமா?’ ஒட்டியும் வெட்டியும் பேசுவார்கள். கடைசியில் பெரும்பாலும் வெற்றிபெறுவது ஒரே வாதம்தான். “பாடகரின் வேலை பாடுவது. மற்றதை மற்றவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.” கைதட்டலும் அதற்குத்தான் அதிகம்.

அந்தக் கைதட்டலைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒரு பாடகியின் நினைவு வரும். அவர் பெயர் சாரா லியாண்டர். சுவீடன் நாட்டு மேடைப் பாடகி. பிறகு ஐரோப்பாவின் மிகப் பெரிய திரை நட்சத்திரங்களில் ஒருவர். “நான் பாட மட்டும்தான் செய்தேன், அரசியல் எனக்குத் தெரியாது” என்று வாழ்நாள் முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தவர். அந்தப் பதில் போதுமா என்ற கேள்வி, அவர் மறைந்து 40 ஆண்டுகளுக்கு மேலாகியும் தீரவில்லை.

மாணவர்களாகிய உங்களுக்கும் அந்தக் கேள்வி வேண்டியது என்பதே என் கருத்து. ஏன் என்பதைச் சொல்ல, முதலில் அவருடைய கதையைச் சொல்லியாக வேண்டும்.

குறையே முத்திரையான குரல்

சாரா 1907ஆம் ஆண்டு மார்ச் 15ஆம் தேதி, சுவீடனின் கார்ல்ஸ்டாட் நகரில் பிறந்தார். சிறு வயதிலேயே பியானோ கற்றார். பதின்ம வயதில் இரண்டு ஆண்டுகள் ரீகா நகரில் தங்கி ஜெர்மன் மொழியையும் கற்றுக்கொண்டார். அன்று விளையாட்டாகக் கற்ற அந்த மொழிதான் பின்னாளில் அவருடைய தலையெழுத்தையே மாற்றப்போகிறது என்பது அவருக்குத் தெரிந்திருக்காது.

19 வயதில் திருமணம். 22 வயதுக்குள் இரண்டு குழந்தைகள். 1929இல் எர்ன்ஸ்ட் ரோல்ஃப் என்ற புகழ்பெற்ற மேடைக் கலைஞரின் குழு அவருக்கு வாய்ப்பளித்தது. ஆட்டமும் பாட்டும் நகைச்சுவையும் கலந்த ‘ரெவ்யூ’ எனும் மேடை நிகழ்ச்சி அது. உயரமான தோற்றம், சிவந்த தலைமுடி. எல்லாவற்றுக்கும் மேலாக, திரைக்குப் பின்னிருந்து கேட்டால் ஆண் பாடுகிறாரோ என்று எண்ணவைக்கும் ஆழமான குரல்.

அக்காலத்து இசை நாடகங்களில் கதாநாயகி என்றால் உச்சத்தில் பாடும் குரல்தான் வேண்டும். அந்த அளவுகோலில் சாராவின் குரல் ஒரு குறை. 1931இல் லெஹாரின் ‘மகிழ்ச்சியான விதவை’ இசை நாடகத்தில், சுவீடனின் முன்னணி நடிகர் யோஸ்டா எக்மானுடன் நாயகியாக நடிக்கும் வாய்ப்பு வந்தபோது, பாடல்களின் சுருதியையே அவருக்காக இறக்கவேண்டியிருந்தது. ஆனால் பார்வையாளர்கள் அதைக் குறையாகக் கேட்கவில்லை, புதுமையாகக் கேட்டார்கள். அதன்பின் அவரைப்போல் பாட வேறு ஆளில்லை என்று ஆயிற்று.

இதுவரையிலான கதை, தன்முனைப்புப் பேச்சாளர்கள் மேடையில் சொல்வதற்கு ஏற்ற கதை. குறையை நிறையாக்கினார், இளம் தாயாக இருந்தும் முன்னேறினார், மொழியறிவைப் பயன்படுத்தினார். எல்லாம் உண்மை. ஆனால் கதை இங்கு முடியவில்லை.

வியன்னா தந்த வெற்றி

1936இல் வியன்னாவில் ரால்ஃப் பெனாட்ஸ்கி இசையமைத்த ‘சொர்க்க வாசலில் ஆக்ஸல்’ என்ற இசை நாடகம் அரங்கேறியது. ஹாலிவுட்டைக் கிண்டலடிக்கும் கதை. அதில் குளோரியா மில்ஸ் என்ற திரைநட்சத்திரமாக சாரா நடித்தார். மேடையில் நட்சத்திரமாக நடித்தவர், அந்த நாடகத்தாலேயே உண்மையான நட்சத்திரமானார்.

இந்த நாடகத்தை எழுதியவர்களைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதை வசனம் எழுதியவர்களில் ஒருவர் பால் மார்கன், யூத நகைச்சுவைக் கலைஞர். பாடல் வரிகளை எழுதியவர் ஹான்ஸ் வைகல், அவரும் யூதர். இருவரையும் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

வியன்னா வெற்றிக்குப் பிறகு சாராவைத் தேடி வாய்ப்புகள் வந்தன. அவர் கையெழுத்திட்டது ஜெர்மனியின் மாபெரும் படநிறுவனமான ‘ஊஃபா’வுடன். ஆண்டு 1936. ஹிட்லர் ஆட்சிக்கு வந்து மூன்றாண்டுகள் கடந்திருந்தன. ஒப்பந்தம் அவருக்கு மிகவும் சாதகமானது. பெரிய சம்பளம், அதில் பாதிக்குமேல் ஜெர்மன் பணமாக அல்ல, சுவீடன் குரோனாவாக வழங்கப்படும். அந்நியச் செலாவணிக்குத் திண்டாடிக்கொண்டிருந்த ஓர் அரசு அப்படிக் கொடுக்கிறது என்றால், அந்த ஆள் அதற்கு எவ்வளவு தேவைப்பட்டிருக்க வேண்டும்!

காலியான நாற்காலி

ஏன் அவ்வளவு தேவை? இங்குதான் மாணவர்கள் நின்று யோசிக்கவேண்டும்.

1933க்குப் பிறகு ஜெர்மன் கலையுலகிலிருந்து யூதக் கலைஞர்கள் துரத்தப்பட்டார்கள். கலைஞர்கள் அரசின் பண்பாட்டுச் சபையில் உறுப்பினராக இருந்தால்தான் வேலை. யூதர்களுக்கு அதில் இடமில்லை. இயக்குநர்கள், இசையமைப்பாளர்கள், பாடலாசிரியர்கள், நடிகர்கள் என்று எண்ணற்றோர் நாட்டைவிட்டு ஓடினார்கள். ஜெர்மனி பெற்ற ஆகப் பெரிய நட்சத்திரமான மார்லின் டீட்ரிக் முன்பே ஹாலிவுட்டுக்குச் சென்றிருந்தார். திரும்பி வரும்படி நாஜி அரசு அழைத்தும் மறுத்துவிட்டார். 1939இல் அமெரிக்கக் குடியுரிமையும் பெற்றார்.

ஆக, நாற்காலி காலியாக இருந்தது. அதை நிரப்ப ஆள் தேடிக்கொண்டிருந்தார் பிரசார அமைச்சர் கோயபல்ஸ். ஊஃபா நிறுவனமும் 1937இல் அரசின் கைக்குப் போனது. அந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர்தான் சாரா லியாண்டர்.

திறமையால் கிடைத்த வாய்ப்பு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் திறமைக்குக் கிடைக்கும் இடம் எப்படிக் காலியானது என்று ஒருமுறையாவது திரும்பிப் பார்க்கவேண்டாமா?

அவருக்குத் தெரியாமலா இருந்தது? தெரிந்திருந்தது என்பதற்கு ஒரு சான்று உண்டு. 1934இல், அதாவது பெர்லின் செல்வதற்கு இரண்டே ஆண்டுகளுக்கு முன், சுவீடனின் அங்கத எழுத்தாளர் கார்ல் யெர்ஹார்ட் ஒரு பாடல் எழுதினார். ‘ஒரு பூட்ஸ் காலணியின் நிழலில்’ என்பது அதன் தலைப்பு. ஜெர்மனியில் யூதர்கள் படும் கொடுமையைக் கண்டித்த பாடல் அது. அதை மேடையில் பாடியவர் வேறு யாருமல்ல, சாரா லியாண்டர்தான்!

அறியாமை என்ற வாதம் எனக்கு இந்த இடத்தில்தான் ஆட்டங்காணுகிறது. நிழலைப் பற்றிப் பாடியவர், அதே நிழலுக்குள் சம்பளம் பேசிக்கொண்டு போனார்.

சிரித்துக்கொண்டே செய்யும் பிரசாரம்

1937 முதல் 1943 வரை ஊஃபாவுக்காக பத்துப் படங்களில் நடித்தார். முதல் இரண்டு படங்களான ‘புதிய கரைகளை நோக்கி’, ‘லா ஹபனேரா’ ஆகியவற்றை இயக்கியவர் டெட்லெஃப் சியர்க். அவருடைய மனைவி யூதர். 1937ஆம் ஆண்டிலேயே சியர்க் ஜெர்மனியைவிட்டு வெளியேறினார். பின்னாளில் ஹாலிவுட்டில் டக்லஸ் சர்க் என்ற பெயரில் பெரும்புகழ் பெற்றார். சாராவைத் திரை நட்சத்திரமாக்கிய இயக்குநரே வெளியேறிவிட்டார். சாரா வெளியேறவில்லை.

பிரசாரப் படம் என்றதும் கொடியும் அணிவகுப்பும் ஆவேசப் பேச்சுமாக இருக்கும் என்று நாம் நினைக்கிறோம். கோயபல்ஸ் அவ்வளவு எளிய ஆள் அல்லர். மக்கள் காசு கொடுத்துப் பார்க்க விரும்பும் படமே நல்ல பிரசாரம் என்பது அவருக்குத் தெரியும். காதல், கண்ணீர், பாட்டு என்று போகும் கதைக்குள் சொல்லவேண்டியதைச் சொல்லாமல் சொல்லிவிடலாம்.

1942இல் வெளிவந்த ‘மாபெரும் காதல்’ அதற்குச் சரியான எடுத்துக்காட்டு. ஒரு பாடகியும் போர் விமானியும் காதலிக்கிறார்கள். திருமணம் நெருங்கும்போதெல்லாம் போர்முனை அழைக்கிறது. அவர் போகிறார், அவள் காத்திருக்கிறாள். கோபப்பட்டவள் கடைசியில் புரிந்துகொள்கிறாள், காத்திருப்பதே தன் கடமை என்று. அவ்வளவுதான் கதை. கணவனும் காதலனும் மகனும் போர்முனையில் இருந்த கோடிக்கணக்கான ஜெர்மன் பெண்களுக்கு அந்தப் படம் என்ன சொல்லியிருக்கும்? சுமார் 27 மில்லியன் பேர் அதைப் பார்த்தார்கள். நாஜி ஆட்சிக்காலத்தில் ஆக அதிகம் வசூலித்த படம் அது. போர் முடிந்ததும் நேச நாடுகள் அதைத் தடைசெய்தன.

அந்தப் படத்தின் இரண்டு பாடல்கள் படத்தையும் மிஞ்சின. ‘இதனால் எல்லாம் உலகம் அழிந்துவிடாது’ என்பது ஒன்றின் கருத்து. ‘என்றாவது ஓர் அற்புதம் நடக்கும்’ என்பது மற்றொன்றின் கருத்து. குண்டுவீச்சுக்கு நடுவே வாழ்ந்த மக்களுக்கு அவை ஆறுதல். மக்கள் சோர்ந்துவிடாமல் போரை நீட்டிக்க நினைத்த அரசுக்கு அவை வசதி.

ஆனால் அந்த வரிகளை எழுதியவர் யார் தெரியுமா? புரூனோ பால்ஸ். ஓரினச்சேர்க்கையாளர் என்பதற்காக 1941இல் கெஸ்டபோ எனும் இரகசியக் காவல்துறையால் கைதுசெய்யப்பட்டவர். அவர் இல்லாமல் பாடல்களை முடிக்க இயலாது என்று இசையமைப்பாளர் மிஷாயெல் யாரி வாதாடியதால்தான் விடுதலையானார் என்று சொல்லப்படுகிறது. அற்புதம் நடக்கும் என்று அந்த மனிதர் எழுதியபோது அவர் எதிர்பார்த்த அற்புதம் எதுவாக இருந்திருக்கும்? அரசு எதிர்பார்த்த போர் வெற்றி நிச்சயமாக அன்று.

ஒரே பாட்டு. எழுதியவருக்கு ஒரு பொருள், கேட்டவருக்கு ஒரு பொருள், ஒலிபரப்பியவருக்கு ஒரு பொருள். பாடியவருக்கு? “எனக்கு அது வெறும் பாட்டு” என்றால் நம்மால் ஏற்றுக்கொள்ள முடிகிறதா?

வியன்னா எழுத்தாளர்கள் இருவரையும் பற்றிச் சொல்வதாகச் சொன்னேன். 1938 மார்ச்சில் ஹிட்லரின் படை ஆஸ்திரியாவுக்குள் நுழைந்தது. ஹான்ஸ் வைகல் சுவிட்சர்லாந்துக்குத் தப்பினார். பால் மார்கன் பிடிபட்டார். 1938 டிசம்பரில் புக்கன்வால்டு வதைமுகாமில் உயிரிழந்தார். சாராவுக்கு முதல் பெரும் வெற்றியைத் தந்த நாடகத்தை எழுதிய கை அது. அதே 1938இல்தான் சாராவின் ‘தாயகம்’ என்ற படம் ஜெர்மன் அரங்குகளில் ஓடிக்கொண்டிருந்தது.

எதிர்வாதத்தையும் கேட்போம்

ஒருதரப்பாகப் பேசக்கூடாது. சாராவுக்காகச் சொல்லக்கூடியவையும் உண்டு.

அவர் இறுதிவரை சுவீடன் குடிமகளாகவே இருந்தார். 1943இல் பெர்லினில் இருந்த அவருடைய வீடு குண்டுவீச்சில் சேதமடைந்த பிறகு, ‘அன்று’ என்ற படத்தோடு ஊஃபாவைவிட்டு சுவீடனுக்குத் திரும்பிவிட்டார். போர் இன்னும் இரண்டாண்டுகள் நடக்கவிருந்தது. மேடையேறி வெறுப்பைப் பேசியவர் அல்லர். அவருடைய நாட்டுக்காரரான கிறிஸ்டினா சோடர்பாம், யூதர்மீது வெறுப்பைத் தூண்டுவதற்கென்றே எடுக்கப்பட்ட ‘யூதன் சூஸ்’ என்ற 1940ஆம் ஆண்டுப் படத்தில் நாயகியாக நடித்தார். சாராவின் படங்களை அந்த வரிசையில் வைக்க முடியாது. ஆனாலும் அதே 1940இல் வந்த ‘அரசியின் இதயம்’ படத்தில், இங்கிலாந்தைக் கொடுமைக்காரியாகக் காட்டும் கதையில், ஸ்காட்லாந்து அரசி மேரியாக நடித்தவர் சாராதான். ஜெர்மனி அப்போது இங்கிலாந்தோடு போரில் இருந்தது.

இன்னொரு சுவீடன் நடிகையையும் நினைத்துப் பார்க்கலாம். இங்ரிட் பெர்க்மன் 1938இல் ஊஃபாவுக்காக ஒரு படத்தில் நடித்தார். அடுத்த ஆண்டே ஹாலிவுட்டில் நடிக்கத் தொடங்கிவிட்டார். இன்று அவரை யாரும் அந்த ஒரு படத்துக்காகக் கேள்வி கேட்பதில்லை. தவறான இடத்துக்குப் போவது யாருக்கும் நேரலாம். எவ்வளவு காலம் அங்கே இருந்தோம் என்பதே நம்மைத் தீர்மானிக்கிறது.

சுவீடன் சாராவை உடனே மன்னிக்கவில்லை. நார்ஷொப்பிங் அருகே தமது லோனோ பண்ணை வீட்டில் ஒதுங்கி வாழ்ந்தார். 1949இல்தான் மீண்டும் சுவீடன் மேடையேற முடிந்தது. அதன்பின் ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் பழைய ரசிகர்கள் திரண்டு வந்தார்கள். அதே நேரத்தில், நேச நாட்டுப் படைவீரர்களுக்காகப் பாடிய மார்லின் டீட்ரிக் 1960இல் ஜெர்மனிக்குப் பாட வந்தபோது, துரோகி என்று எதிர்ப்புக் காட்டினார்கள் சிலர். சரியான முடிவெடுத்தவருக்குக் கசப்பும், தவறான முடிவெடுத்தவருக்குக் கைதட்டலும் கிடைத்த விசித்திரம் அது. நேர்மைக்கு உடனே பரிசு கிடைக்கும் என்று யாராவது உங்களிடம் சொன்னால், இந்த இரண்டு பெண்களின் கதையைச் சொல்லுங்கள். பரிசுக்காகச் செய்வது நேர்மையே இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நம் ஊருக்கும் வந்த கேள்வி

இது எங்கோ ஐரோப்பாவில் நடந்த கதை என்று ஒதுக்கிவிட வேண்டாம். ‘மாபெரும் காதல்’ திரைக்கு வந்த 1942ஆம் ஆண்டில்தான் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமானது. மறு ஆண்டு, ஜப்பானின் மாபெரும் இயக்குநர் யசுஜிரோ ஓசு இங்கு அனுப்பப்பட்டார். நம் தாத்தா பாட்டிகள் பலர் சேர்ந்திருந்த இந்திய தேசிய இராணுவத்தைப் பற்றி ஒரு பிரசாரப் படம் எடுப்பது அவருக்கு இடப்பட்ட பணி. அந்தப் படம் முடிக்கப்படவே இல்லை. சிங்கப்பூரில் இருந்த நாள்களில், ஜப்பானியர் கைப்பற்றி வைத்திருந்த அமெரிக்கப் படங்களைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார் ஓசு.

அவரை வீரர் என்று நான் சொல்லமாட்டேன். அவர் எதிர்த்துக் குரல் கொடுக்கவில்லை. ஆனால் வேலை தந்தவரின் அவசரம் தம்முடைய அவசரமாகிவிட அவர் இடம் கொடுத்ததாகத் தெரியவில்லை. போர்க்காலக் கலைஞருக்கு முன்னே இருப்பவை சரணாகதி, தியாகம் என்ற இரண்டு வழிகள் மட்டுமல்ல என்பதை நினைவூட்டுவதற்காகவே இதைச் சொல்கிறேன்.

உங்களுக்கு ஏன் இந்தக் கதை?

நம்மில் யாரையும் கோயபல்ஸ் வந்து அழைக்கப்போவதில்லை. ஆனால் சிறிய அளவில் இதே கேள்வி உங்களைத் தேடி வரும். தொடர்பவர்கள் கொஞ்சம் சேர்ந்ததும், எதை விற்கிறது என்றே தெரியாத ஒரு நிறுவனம் காணொளிக்குப் பணம் தர முன்வரும். நல்ல சம்பளத்தோடு வரும் முதல் வேலையில், யாரோ ஒருவரை அநியாயமாக நீக்கிவிட்டு அந்த இடத்தில் உங்களை உட்காரவைப்பார்கள். நீங்கள் வரைந்த படமும் எழுதிய நிரலும் யாரை ஏமாற்றப் பயன்படுகின்றன என்று தெரியவரும். அப்போது நாக்கின் நுனியில் வந்து நிற்கும் பதில் ஒன்றுதான்: “நான் என் வேலையைத்தானே செய்தேன்!”

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்கிறோம். நல்ல பழமொழிதான். ஆனால் அந்த உப்பு யார் வீட்டு உலையிலிருந்து எடுக்கப்பட்டது என்று கேட்பதும் நன்றி கெட்டதனம் ஆகாது.

அரசியலில் தாம் ஒரு முட்டாள் என்று சாரா தம்மைப் பற்றிச் சொல்லிக்கொண்டார். அடக்கமாகத் தொனிக்கும் அந்தப் பதிலை நான் நம்பவில்லை. சம்பளத்தில் எத்தனை விழுக்காடு எந்த நாட்டுப் பணமாக வேண்டும் என்று கேட்டு வாங்கத் தெரிந்தவர் முட்டாளாக இருக்க முடியாது. அவர் யோசிக்கத் தெரியாதவர் அல்லர். சில விஷயங்களை யோசிப்பதில்லை என்று முடிவெடுத்தவர். இரண்டும் வேறு. அந்த முடிவை நாமும் தினமும் எடுக்கிறோம் என்பதால்தான் அவரைக் கண்டு நான் சீறவில்லை, கொஞ்சம் பயப்படுகிறேன்.

சாரா லியாண்டர் 1981 ஜூன் 23ஆம் தேதி ஸ்டாக்ஹோமில் காலமானார். அவர் பிறந்த கார்ல்ஸ்டாட்டில், நீண்ட காலம் விவாதித்த பிறகு அவருக்கு ஒரு வெண்கலச் சிலை வைத்திருக்கிறார்கள். அந்த விவாதமே சரியான நினைவுச்சின்னம் என்று எனக்குத் தோன்றுகிறது. அவருடைய பாடல்களை இன்றும் கேட்கலாம், கேளுங்கள். அந்தக் குரலின் ஆழம் உங்களையும் கட்டிப்போடும். கேட்டு முடித்ததும், அந்த ஒலிவாங்கியை அவர் கையில் கொடுத்தவர் யார், அதற்குமுன் அது யார் கையில் இருந்தது என்றும் கேளுங்கள்.

அடுத்த முறை விவாத மேடையில் அதே தலைப்பு வந்தால், கைதட்டுவதற்குமுன் ஒரு நொடி பொறுங்கள். பால் மார்கன் என்ற பெயர் உங்கள் நினைவுக்கு வரட்டும்.